நிலவறையில் ஓதமும் பூஞ்சணமும்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

எங்கள் நிலவறையில் ஜிப்சம் போர்டு அடித்து முடித்தபோது சுவர் பளிச்சென்று இருந்தது. ஒன்றரை வருடம் கழித்தும் முன்பக்கம் அப்படியேதான் இருந்தது, ஒரு கறை கிடையாது. வாடை மட்டும் போகவில்லை. கடைசியில் ஒரு போர்டை நெம்பி எடுத்தேன். அதன் முதுகில் ஒட்டியிருந்த காகிதம் முழுக்கக் கரும்புள்ளி. பின்னால் வெப்பத்தடுப்புக்காக அடைத்திருந்த கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) கனத்துத் தொங்கியது, பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. தரையோடு கிடந்த அடிச்சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், கைப்பிடி வரை இறங்கிவிட்டது.

மழைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே வராத சுவர் அது. அறையின் காற்றில் இருந்த ஈரம் கிளாஸ் வூலுக்குள் புகுந்து, பின்னால் இருந்த குளிர்ந்த கான்கிரீட்டைத் தொட்டு வியர்த்திருக்கிறது. அந்த ஈரம் திரும்பிக் காயாதபடி அறைப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டையும் விரித்துவிட்டோம். "ஓதம் வராமல் இருக்க" என்று நம்பித்தான் விரித்தோம்.

நிலவறைக்குள் ஈரம் மூன்று விதமாக வரும். தண்ணீராகவே கசிந்து வரலாம். கான்கிரீட் மண்ணிலிருந்து உறிஞ்சித் தரலாம். காற்றோடு வந்து குளிர்ந்த இடத்தில் படியலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு, ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் நிலைமை மோசமாகும். அதனால் சாமான் வாங்கப் போகும் முன் அறிகுறியைப் படியுங்கள்.

முதலில் ஒரு சோதனை

பூச்சு, பெயின்ட் இல்லாத வெறும் கான்கிரீட்டில் செய்யவேண்டியது இது. 45 செ.மீ. சதுரத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, நான்கு ஓரத்தையும் இடைவெளியில்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடவேண்டும், நான் இரண்டு நாள் விடுவேன். சுவரின் அடியில் ஒன்று, தலை உயரத்தில் ஒன்று, தரை நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று என்று நாலைந்து இடத்தில் ஒட்டினால்தான் படம் தெளிவாகும்.

ஷீட்டின் உள்பக்கம், அதாவது கான்கிரீட்டைப் பார்த்த பக்கம் நீர்த்துளி கோர்த்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் சுற்றியுள்ள கான்கிரீட்டைவிடக் கறுத்திருந்தாலோ, ஈரம் சுவர் வழியாக வருகிறது. துளி வெளிப்பக்கம் இருந்தால் அறைக் காற்றுதான் வியர்க்கிறது. இரண்டு பக்கமும் இருக்கலாம், அதுவும் நடக்கும். வெயில் காலத்தில் செய்து "காய்ந்திருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு இன்னொரு முறை செய்யுங்கள். புதிதாகக் கட்டிய வீடாக இருந்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கட்டுமானத் தண்ணீரே காய மாதக்கணக்காகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அறிகுறி: மழையே இல்லை, ஆனாலும் சுவர் ஈரம்

வெளியே புழுக்கமாக இருக்கும் நாட்களில் சுவரின் கீழ்ப்பாதியும், குளிர்ந்த தண்ணீர்க் குழாயும், தரை மூலையும் பிசுபிசுத்தால் அது வியர்வை. நம்மில் பலர் அப்போது செய்வது ஜன்னலைத் திறந்து "காற்றாட" விடுவது. அதுதான் தவறு. 30 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று சுமார் 21 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீரை விடத் தொடங்கும். மண்ணுக்குள் இருக்கும் சுவர் 18 டிகிரியில் இருந்தால், திறந்த ஜன்னல் வழியாக நீங்கள் உள்ளே விடுவது காற்றை மட்டுமல்ல, தண்ணீரையும்தான்.

புழுக்கமான நாளில் ஜன்னலைச் சாத்துங்கள். குளிர்ந்த நீர்க் குழாய்களுக்கு ஃபோம் உறை மாட்டுங்கள். நிலவறையில் குளியலறை இருந்தால் அதன் விசிறி வெளியே காற்றைத் தள்ளுகிறதா, உட்கூரைக்குள்ளேயே விடுகிறதா என்று நேரில் பாருங்கள். துணி உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதன் குழாய் கழன்று சுவருக்குப் பின்னால் ஊதிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது ஒன்றே அறை முழுவதையும் நனைத்துவிடும்.

பிறகு டிஹியூமிடிஃபையர், அதாவது காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் இயந்திரம். ஈரப்பதத்தை 50 சதவீதத்தில் வையுங்கள், 60-ஐத் தாண்ட விடாதீர்கள். வாளியில் தண்ணீர் சேரும்படி வைத்தால் வாளி நிறைந்த அன்றே இயந்திரம் நின்றுவிடும், நீங்கள் கவனிக்கப் பத்து நாள் ஆகும். ஹோஸ் போட்டுத் தரை வடிகாலுக்கு விடுங்கள். ஒன்று முக்கியம்: அறை 18 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் சாதாரண இயந்திரத்தின் சுருளில் பனி கட்டிக்கொள்ளும், சத்தம் வரும், தண்ணீர் வராது. குளிர்ந்த அறைக்கு அதற்கென்று செய்யப்பட்ட வகையை வாங்கவேண்டும்.

அறிகுறி: வெள்ளைப் பொடி, உரியும் பெயின்ட்

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்ததும் பூஞ்சணம் என்று பயப்படுகிறோம். விரலில் தேய்த்துப் பாருங்கள். மணல் போலப் பொடிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்தால் அது உப்பு. பூஞ்சணம் கரையாது, இழுசும். உப்பால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் தண்ணீர் வந்த வழியை அது எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறது, அதை வாசியுங்கள்.

சுவர் நெடுக, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஒரே பட்டையாக இருந்தால், அஸ்திவாரம் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி ஏற்றுகிறது. ஜன்னலுக்குக் கீழே மட்டும் நாக்கு போல இறங்கியிருந்தால், ஜன்னலுக்கு வெளியே மண்ணில் விட்டிருக்கும் பள்ளத்தில் தண்ணீர் தேங்குகிறது. வீட்டின் ஒரு மூலையில் மட்டும் அடர்ந்திருந்தால், வெளியே போய் நிமிர்ந்து பாருங்கள், அநேகமாக அங்கே ஒரு மழைநீர்க் குழாய் இறங்கும்.

இந்தச் சுவரின் மேல் 'வாட்டர்ப்ரூஃப்' பெயின்ட் அடித்து மறைக்கலாமா? பழைய பெயின்ட் மேல் அடித்தால் நிச்சயம் உரியும். வெறும் கான்கிரீட்டை உலர்ந்த கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்து அடித்தால் ஆவியாக வரும் ஈரத்தை அது குறைக்கும். ஆனால் வெளியே தண்ணீர் தேங்கி அழுத்தும் சுவரில் பெயின்டால் ஒன்றும் செய்ய முடியாது. வெளியே 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் அது ஏறக்குறைய 2 டன் எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. உள்பக்கம் ஒட்டிய படலம் அதற்கு எதிராக எத்தனை நாள் நிற்கும்?

அறிகுறி: மழைக்குப் பிறகு சுவரும் தரையும் சேரும் இடத்தில் தண்ணீர்

சுவரைக் கட்டி முடித்த பிறகுதான் தரை கான்கிரீட் போடுவார்கள். இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதில்லை. அந்த இடுக்கு தண்ணீருக்குத் திறந்த கதவு.

இங்கே கடிகாரம்தான் துப்பு கொடுக்கும். மழை தொடங்கி ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீர் வந்தால், அது கூரையிலிருந்தும் வாசலிலிருந்தும் நேராக இறங்கும் மேல்தண்ணீர். ஒரு நாள் கழித்து வந்து, மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் ஊறினால், நிலத்தடி நீர் மட்டம் ஏறியிருக்கிறது. மழைக்குச் சம்பந்தமே இல்லாமல் வந்தால் குழாய் உடைப்பு: எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் நகர்கிறதா என்று பாருங்கள்.

மேல்தண்ணீர் என்றால் பிழைத்தோம், பெரும்பாலும் மண்வெட்டியோடு முடிகிற வேலை. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. அது முழுவதையும் சுவரோரமாக ஊற்றிவிட்டு உள்ளே பூச்சு வேலை பார்ப்பதில் பயனில்லை. கூரைக் கால்வாயில் அடைத்த இலையை எடுங்கள். மழைநீர்க் குழாயின் வாயைச் சுவரிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளிக் கொண்டுபோங்கள். வீட்டைச் சுற்றி மண்ணுக்கு வெளிப்புறமாக வாட்டம் கொடுங்கள்: முதல் 3 மீட்டருக்குள் 15 செ.மீ. இறங்கவேண்டும். புதிதாக மண் கொட்டும்போது வெளிச்சுவரின் மரவேலை மேல் மண் படாமல் பாருங்கள், அது கறையானுக்குப் படிக்கட்டாகிவிடும். செங்கல் தளமோ கான்கிரீட் நடைபாதையோ வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தால், பூச்செடிக்கு ஊற்றும் தண்ணீரும் உங்கள் சுவருக்குத்தான் வரும்.

இதையெல்லாம் செய்துவிட்டு இரண்டு மூன்று பெரிய மழையைப் பாருங்கள். அப்போதும் வந்தால் நிலத்தடி நீர் என்று ஒத்துக்கொள்ளவேண்டியதுதான். அதை அந்த இடுக்கில் சிமென்ட் வைத்து அடைத்தால் பத்தடி தள்ளி வேறு இடத்தில் கிளம்பும். தரையின் ஓரத்தைச் சுற்றிலும் உடைத்து, ஜல்லிக்குள் துளையிட்ட குழாயைப் பதித்து, சம்ப் குழிக்கு (தண்ணீர் சேரத் தரையில் தோண்டிய குழி) கொண்டுவந்து, பம்ப் வைத்து வெளியே தள்ளுவதுதான் நிரந்தர வழி. வெளியே தோண்டிச் சுவரின் வெளிமுகத்தில் பூச்சும் வடிகாலும் போடுவது இன்னும் நல்லது, ஆனால் அதற்குச் சுற்றிலும் இடமும் பெரிய செலவும் வேண்டும்.

அறிகுறி: ஒரே ஒரு விரிசலில் கசிவு

விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மயிரிழை போல மேலிருந்து கீழாக ஓடி, மாதங்கள் கழித்தும் கோட்டைத் தாண்டாதது பெரும்பாலும் கான்கிரீட் காயும்போது சுருங்கி வந்தது. ஈரமாக இருந்தால் பாலியூரிதேன் பிசினை ஊசி போல விரிசலுக்குள் ஏற்றலாம், அது தண்ணீர் பட்டதும் உப்பி அடைத்துக்கொள்ளும். எபாக்சிப் பிசினுக்கு இடம் காய்ந்திருக்கவேண்டும். ஒழுகிக்கொண்டிருக்கும் துளைக்கு நீரடைப்புச் சிமென்ட் உண்டு, மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் கட்டிப்படும். அதனால் கையளவு மட்டும் குழையுங்கள்.

சுவரின் நடு உயரத்தில் கிடைமட்டமாக விரிசல் ஓடி, சுவர் உள்ளே புடைத்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். மண் சுவரைத் தள்ளுகிறது. கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் அதன் முன் ஒரு சட்டம்கூட நிறுத்தாதீர்கள்.

அறிகுறி: வாடை மட்டும் வருகிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை

முதலில் வாடையைப் பிரித்துப் பாருங்கள். சாக்கடை வாடை என்றால் தரை வடிகாலின் வளைகுழாயில் தண்ணீர் வற்றியிருக்கலாம், ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சரியாகும். நனைந்த காகிதமும் மண்ணும் கலந்த மாதிரி மக்கிய வாடை என்றால் எங்கோ பூஞ்சணம் இருக்கிறது. அட்டைப்பெட்டிகளைத் தூக்கி அடியைப் பாருங்கள். சுவரை ஒட்டிய அலமாரியை நகர்த்துங்கள்: காற்றோட்டம் போகாத முதுகுப்பக்கத்தில்தான் முதலில் பிடிக்கும். கம்பளத்தின் மூலையை உரித்து அடியில் மோந்து பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே, தரைப்பலகை உத்தரங்கள் அஸ்திவாரச் சுவர்மேல் உட்காரும் விளிம்பில் டார்ச் அடியுங்கள். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் சுவரும் தரையும் சேரும் இடத்தை மறைக்கும் அடிப்பட்டையைக் கழற்றி, அதற்குப் பின்னால் மறையும் உயரத்தில் போர்டில் ஒரு சிறு துண்டை வெட்டிப் பாருங்கள். திரும்ப மூடிவிடலாம், வெளியே தெரியாது. நான் முதல் வருடமே இதைச் செய்திருந்தால் ஒரு சுவரோடு போயிருக்கும்.

அறிகுறி: பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிகிறது

நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் வளரத் தொடங்கிவிடும். அதனால் தண்ணீர் புகுந்த அன்றே காயவைப்பதுதான் பெரிய வேலை. ஏற்கெனவே பிடித்துவிட்டது என்றால் பரப்பைப் பாருங்கள். மொத்தம் ஒரு சதுர மீட்டருக்குள் என்றால் வீட்டில் நாமே செய்யலாம். அதைத் தாண்டினாலோ, சாக்கடைத் தண்ணீரால் வந்தது என்றாலோ, பயிற்சி உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, நோயால் உடல் தளர்ந்தவர் யாரும் அந்த நேரத்தில் அருகில் இருக்கக்கூடாது.

என்95 முகக்கவசம், காற்றுப்புகாத கண்ணாடி, கையுறை வேண்டும். கதவுக்கு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுங்கள். வீட்டுக்குப் பொதுவான ஏசி, ஹீட்டர் விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பூஞ்சண வித்துகளை மாடி அறைக்கும் அதுவே கொண்டுபோகும். ஜிப்சம் போர்டு, கிளாஸ் வூல், கம்பளம், மெத்தை எல்லாம் கழுவித் தேறாது. கறை தெரியும் இடத்துக்கு மேலும் 30 செ.மீ. தள்ளி வெட்டி, அங்கேயே பையில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோங்கள். கான்கிரீட், உலோகம், டைல்ஸ் ஆகியவற்றை சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிட்டால் போதும். உறுதியாக இருக்கும் மரச்சட்டத்தையும் தேய்த்துக் காப்பாற்றலாம்.

பிளீச் ஊற்றினால் வெள்ளையாகும், திருப்தியாக இருக்கும். ஆனால் துளையுள்ள பொருளின் உள்ளே அது போய்ச் சேராது, அதில் உள்ள தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கும். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை கொடுக்கும், அதனால் கொல்வதைவிட அகற்றுவதுதான் வேலை. பிளீச்சோடு அமோனியா உள்ள எதையும் கலக்காதீர்கள். மூடிய நிலவறையில் அந்த வாயு உயிரைக் குடிக்கும்.

அறிகுறி: தரை உப்புகிறது, பெயர்கிறது

மரத்தரையில் ஒரு பலகையின் குறுக்கே ஸ்கேலை வையுங்கள். ஓரங்கள் தூக்கி நடு பள்ளமாக இருந்தால், மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம் ஈரம், கான்கிரீட் வழியாக வருகிறது. இதைத் தேய்த்துச் சமன் செய்யாதீர்கள், காய்ந்ததும் நடு மேடாகிவிடும். என்னைக் கேட்டால் நிலவறையில் முழு மரத்தரையும், சுவரோடு சுவர் கம்பளமும் வேண்டாம். டைல்ஸ் நனைந்தாலும் கவலையில்லை. வெதுவெதுப்பாக வேண்டும் என்றால் கான்கிரீட் மேல் குமிழ்த் தடிப்புள்ள பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன் மேல் பிளைவுட், பிறகு தரை. குமிழ்கள் தரையைச் சற்றே தூக்கி நிறுத்துவதால் அடியில் ஈரம் பரவிக் காய இடம் கிடைக்கும்.

பழைய வீட்டில் 23 செ.மீ. சதுர டைல்ஸ் கறுத்த பசையோடு ஒட்டியிருந்தால் உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத் தொடுங்கள்.

அறிகுறி: சம்ப் பம்ப் ஓயாமல் ஓடுகிறது, அல்லது ஓடவே இல்லை

ஓயாமல் ஓடினால் வெளியே குழாய் எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள். சுவரோரம் கொட்டினால் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது. பம்ப் நின்றதும் குழாயிலிருந்து தண்ணீர் திரும்பிக் குழிக்குள் விழுந்தால் ஒருவழி வால்வு போய்விட்டது. ஓடவே இல்லை என்றால் மிதவை குழிச்சுவரில் சிக்கியிருக்கும். மழைக்காலத்துக்கு முன் ஒரு வாளி தண்ணீரைக் குழியில் ஊற்றிச் சோதியுங்கள். பெருமழையும் மின்வெட்டும் சேர்ந்தே வரும், அதனால் பேட்டரி துணைப் பம்பை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். தரையில் தண்ணீர் நிற்கும்போது மெயின் ஸ்விட்சை அணைக்காமல் உள்ளே கால் வைக்கக்கூடாது. அந்த ஸ்விட்சே நிலவறையில் இருந்தால் எலக்ட்ரீஷியன் வரும்வரை மேலேயே நில்லுங்கள்.

காய்ந்த பிறகு சுவரை எப்படி மூடுவது

ஒரு மழைக்காலம் முழுக்க வெறும் சுவராகவே விட்டுப் பார்த்தபின் இதற்கு வாருங்கள். நான் இரண்டாம் முறை கட்டியபோது கிளாஸ் வூலைக் கான்கிரீட் பக்கமே விடவில்லை. 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (ஒருவகைப் பாலிஸ்டைரீன்) ஃபோம் பலகையைக் கான்கிரீட்டோடு நேராக ஒட்டினேன். மூட்டுகளுக்கு டேப், மேலும் கீழும் ஓரங்களுக்கு ஸ்ப்ரே ஃபோம். இதில் இடைவெளி விடாமல் அடைப்பதுதான் உயிர். அறைக் காற்று குளிர்ந்த கான்கிரீட்டைத் தொடவே முடியாவிட்டால் வியர்க்க இடமில்லை. உத்தரங்களுக்கு நடுவே உள்ள விளிம்பிலும் ஃபோமைத் துண்டு துண்டாக வெட்டி வைத்து ஓரங்களை அடைத்தேன். பலரும் விட்டுவிடும் இடம் அது.

அந்த ஃபோமுக்கு அறைப்பக்கமாகச் சட்டம். அடிச்சட்டம் மருந்தூட்டிய மரம், அதற்கும் தரைக்கும் நடுவில் மெல்லிய ஃபோம் பட்டை. அறைப்பக்கம் பிளாஸ்டிக் ஷீட் கிடையாது, வினைல் வால்பேப்பரும் கிடையாது. தப்பித் தவறி ஈரம் புகுந்தால் அது அறைப்பக்கமாகக் காய்ந்து போகவேண்டும். காகிதமில்லாத ஜிப்சம் போர்டைத் தரையிலிருந்து 12 மி.மீ. தூக்கி அடித்தேன், அடிப்பட்டை அதை மறைத்துவிடும். தரையைத் தொட்டால் போர்டு திரி போல உறிஞ்சும். ஃபோமைத் திறந்தபடி விட்டுவிடாதீர்கள், தீப்பிடித்தால் விஷப்புகை கக்கும், போர்டு அதன் மேல் கட்டாயம்.

குழாய் வால்வு, வடிகால், முன்பு கசிந்த விரிசல் ஆகியவற்றுக்கு நேராகத் திருகு போட்ட சிறு கதவு வைத்தேன். ஈரப்பதமானியை அறை நடு மேஜையில் வைக்கவில்லை, கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால், வெளிச்சுவர்கள் இரண்டு சேரும் மூலையில் தரையோரமாக மாட்டியிருக்கிறேன். வீட்டிலேயே குளிர்ந்த மூலை அது. அங்கே 60-க்கு மேல் காட்டினால் அன்றைக்கே ஒரு கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.